கயிற்றுக்கு ஒரு முழம் மேலே

கடற்கரைக் கைப்பந்து என்று தனியாக ஒரு விளையாட்டு இருப்பதே அப்போது எனக்குத் தெரியாது. நாங்கள் மணலில் ஆடியதற்கு ஒரே காரணம், கெட்டித் தரையில் ஆட எங்களை யாரும் விடவில்லை. இப்போது டிவியில் அதைப் பார்த்துவிட்டு, ஆகா என்ன ஒரு புது விளையாட்டு என்று யாராவது வாயைப் பிளந்தால் எனக்குச் சுர்ரென்று ஏறும். புதுசாம், பெரிய புதுசு. வீட்டில் உள்ளவர்கள், ஆரம்பிச்சிட்டாங்க என்று தலையில் அடித்துக்கொள்வார்கள். அடித்துக்கொள்ளட்டும். நான் சொல்லத்தான் போகிறேன்.

எமர்ஜென்சி முடிந்த சமயம், காரைக்காலுக்கு வடக்கே கடலை ஒட்டின ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி டீச்சராகச் சேர்ந்தேன். வயது இருபத்து மூன்று. அப்பா டவுனில் கம்பவுண்டர். சனிக்கிழமை மாதா கோயில், ஞாயிற்றுக்கிழமை பூசை, மற்ற நாளெல்லாம் எனக்கு மாப்பிள்ளை தேடுவது என்று வீடு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. கல்லூரியில் மூன்று வருஷமும் நான் வாலிபால் டீமில் இருந்தேன். அந்த ஆட்டத்தைத் தவிர வேறு எதையும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியாது.

பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு மைதானம், அதில் ஒரே ஒரு வலை. இரண்டும் பையன்களுக்கு. பெண் பிள்ளைகளுக்கு வேப்பமரத்தடியில் ரப்பர் வளையம் எறிகிற விளையாட்டு, அதுவும் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட்டில். நான் ஹெட்மாஸ்டரிடம் போய் செவ்வாயும் வியாழனும் மட்டும் மைதானத்தைப் பெண்களுக்கு விடச் சொன்னேன். வயசுக்கு வந்த பிள்ளைகள் எல்லோர் எதிரிலும் குதித்தால் ஊர் என்ன பேசும் என்று கேட்டார். குதிக்காவிட்டாலும் ஊர் பேசத்தான் பேசும் என்றேன். அவர் பேனாவை மூடிவைத்தார். சரி, உங்கள் மைதானத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். வந்த பிறகுதான் இன்னும் வேலை நிரந்தரமாகவில்லையே என்று ஞாபகம் வந்தது. வாய் எனக்கு எப்போதும் அப்படித்தான், முன்னால் ஓடிவிடும், புத்தி பின்னாலேயே மூச்சிரைக்க வரும்.

அந்தக் கோபத்தில் சாமான் அறைக்குள் போய்த் தையல் விட்ட ஒரு தோல் பந்தை எடுத்துக்கொண்டேன். கழித்துப்போட்ட பந்து. யாரும் தேடவில்லை. மார்க்கெட் வாசலில் செருப்புத் தைக்கிறவர் அதைத் தைத்துக் கொடுத்தார்.

அந்த வருஷம் எட்டாம் வகுப்பில் மீனவர் கிராமத்துப் பெண்கள் ஐந்து பேர் ஒருத்தி பின் ஒருத்தியாகப் படிப்பை விட்டு நின்றுபோனார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். இன்றைக்கும் அங்கே என்னைத் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், கூப்பிட்டு மோர் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போனேன். மூன்று வீட்டில் பேசக்கூட விடவில்லை. நான்காவது வீட்டில் வாசலில் நின்றவள், வகுப்பிலேயே உயரமான பெண். தாழ்ந்த கூரையின் விளிம்பு அவள் நெற்றியில் இடிக்கும். கருவாட்டுக் கூடையை ஒரு கையால் தலைக்கு மேலே தூக்கிப் பரணில் வைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை போன உயரத்தைப் பார்த்ததும் நான் எதற்கு வந்தேன் என்பதே மறந்துபோயிற்று. இவளை வலைப் பக்கத்தில் நிறுத்த வேண்டும் என்பது ஒன்றுதான் மண்டையில் ஓடியது.

அவள் அம்மா நெரவிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மீன் கொண்டுபோய் விற்கிறவள். வயலில் வேலை செய்கிறவர்களிடம் நெல்லுக்கு மீன் மாற்றிக்கொண்டு, வெயில் தாழ்ந்து கால்வீச்சாக நடந்து வருவாள். ஒல்லி. பேச்சு அதைவிட ஒல்லி. விஷயத்தை அவள்தான் சொன்னாள். பெண்ணைத் தன் அக்கா மகனுக்குக் கொடுப்பதாகப் புருஷன் வாக்குக் கொடுத்துவிட்டான். பையன் தெற்கே ஒரு ஊர். இவள் பெரியவளாகி ஆறு மாதம் ஆகிறது, இனி நாள் பார்ப்பதுதான் பாக்கி. நான் விடவில்லை. விளையாட்டுச் சர்டிபிகேட் இருந்தால் டீச்சர் டிரெயினிங்கில் இடம் கிடைக்கும், அரசாங்க வேலை கிடைக்கும் என்று அடித்துவிட்டேன். பாதி உண்மை, பாதி என் ஆசை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஒரே கணக்காகச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளையைக் கேட்கிறார்கள், ஆட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள் என்று புருஷனிடம் சொல்லிப் பார்ப்பாளாம். ஆட்டம் நடக்கிற வரைக்கும் பிள்ளை பள்ளிக்கூடம் வரும். ஆட்டம் நின்ற அன்றைக்குக் கல்யாணம்.

மிரட்டுகிறாள் என்றுதான் நினைத்தேன். மிரட்டினால் எனக்குப் பிடிக்காது. சரி, பார்த்துவிடலாம் என்றேன்.

மைதானம் இல்லை, ஆகவே கடற்கரை. விடிகாலையில் போகிற கட்டுமரம் உச்சிக்குள் கரைக்கு வந்துவிடும். மீன் பிரித்து, வலை உலர்த்தி எல்லாம் முடிந்தால் நாலு மணிக்கு மேல் மணல் சும்மாக் கிடக்கும். முதல் நாள் மூன்று பெண்கள் வந்தார்கள். காலை உதைத்து எழும்புவது எப்படி என்று காட்டப்போய், கால் புதைந்து முகம் குப்புற விழுந்தேன். வாய் நிறைய மணல். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கல்லூரியில் நான் கற்ற ஓட்டம், நிறுத்தம், எதுவும் மணலில் வேகவில்லை. அவர்களோ பிறந்ததிலிருந்து அந்த மணலில் ஓடுகிறவர்கள். குதிகாலை ஊன்றாமல் பாதத்தை அகட்டி வைத்து ஓடினார்கள். நான் பந்தைச் சொல்லிக்கொடுத்தேன், அவர்கள் எனக்கு நடக்கச் சொல்லிக்கொடுத்தார்கள்.

பந்து இருந்தது, வலை இல்லை. படகுக் கொட்டகைக்குப் பின்னால் கிழிந்த நைலான் வலை ஒன்று சுருண்டு கிடந்தது. அங்கிருந்த ஒருவரிடம் கேட்டேன், எடுத்துக்கொள்ளச் சொன்னார். இரண்டு சவுக்குக் கழியை நட்டு, நானே இழுத்துக் கட்டினேன். அதைப் பார்த்து எனக்கு வந்த பெருமை இருக்கிறதே, கடலே எனக்குத்தான் என்கிற மாதிரி.

ஒரு மாதத்தில் மூன்று பேர் ஏழு பேரானார்கள். ஆனால் ஒரு விஷயம் என்னைப் பைத்தியமாக்கியது. பந்து வலைக்கு அடியில் உருண்டு அந்தப் பக்கம் போனால், குனிந்து எடுக்க ஒருத்தியும் போக மாட்டாள். கழியைச் சுற்றிக்கொண்டு ஓடுவார்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, எடுத்துக்கொண்டு மறுபடி சுற்றி. ஒரு மணி நேர ஆட்டத்தில் பாதி நேரம் இந்த ஊர்வலத்திலேயே போகும். கத்திப் பார்த்தேன். தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் சுற்றி ஓடினார்கள். ஒரு நாள் நெட்டைப் பெண்ணைப் பிடித்து நிறுத்திக் கேட்டேன். பொம்பளைகள் வலையைத் தாண்டக் கூடாது, அடியில் நுழையவும் கூடாது, நுழைந்தால் அந்தக் கரைக்கு மீன் வராது என்று ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள். அவளுக்கு அது சூரியன் கிழக்கே உதிக்கிறது என்கிற மாதிரி.

எனக்கு அப்போது கொஞ்சம் புத்தி இருந்திருந்தால், சரி என்று விட்டிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? இதோ பாருங்கடி என்று சொல்லி, சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, அந்த வலைக்கு அடியில் குனிந்து போனேன். திரும்பி வந்தேன். மறுபடியும் போனேன். மூன்று தடவை. வானம் இடிந்து விழுந்ததா என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. தூரத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த இரண்டு பேர் எழுந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த ஒன்பது நாள் அந்தக் கரையில் மீன் படவில்லை. காற்று மாறியதா, நீரோட்டம் மாறியதா, எனக்குத் தெரியாது. ஒன்பது நாளும் கட்டுமரங்கள் வெறும் வலையோடு திரும்பின. பத்தாம் நாள் பஞ்சாயத்தில் என்னைக் கூப்பிட்டார்கள்.

மாரியம்மன் கோயில் எதிரே கூடியிருந்தார்கள். ஆம்பளைகள் உட்கார்ந்திருக்க, பெண்கள் தள்ளித் தென்னைமரத்தடியில். நான் மட்டும் நடுவில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு. கூட வருகிறேன் என்ற அப்பாவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நுழைந்தீர்களா என்று கேட்டார்கள். நுழைந்தேன், மூன்று தடவை என்றேன். கூட்டம் கொதித்தது. நெட்டைப் பெண்ணின் அப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்தார், பக்கத்தில் இருந்தவர்கள் இழுத்து உட்காரவைத்தார்கள். மூடநம்பிக்கை, விஞ்ஞானம் என்றெல்லாம் பேச நான் ஒரு பெரிய பிரசங்கமே தயார் செய்து வைத்திருந்தேன். ஆனால் தென்னைமரத்தடியில் இருந்த முகங்களைப் பார்த்தேன். ஒன்பது நாள் உலை சரியாக வைக்காத முகங்கள். மாதச் சம்பளம் வாங்குகிற நான் அவர்கள் நடுவில் நின்று விஞ்ஞானம் பேச எனக்கே வெட்கமாக இருந்தது. பிரசங்கத்தை விழுங்கிவிட்டேன். தப்பு என்னுது, பிள்ளைகளுது இல்லை என்று மட்டும் சொன்னேன்.

அவர்கள் முடிவு பண்ணிவிட்டுத்தான் கூப்பிட்டிருந்தார்கள். கழியைப் பிடுங்கிவிட வேண்டும், இனி எந்தப் பெண்ணும் பந்தோடு கரைப் பக்கம் வரக் கூடாது. ஆட்டம் நின்றால் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகும் என்று அங்கே என்னையும் அவளையும் அவள் அம்மாவையும் தவிர யாருக்கும் கவலை இல்லை. அப்போதுதான் நெட்டைப் பெண் தென்னைமரத்தடியிலிருந்து நாலு அடி முன்னால் வந்தாள். பெண்கள் பேசாத இடம் அது.

"நாங்க ஒரு தடவகூட வலைக்கு அடியில போவலங்க. டீச்சர் தெனம் கத்துவாங்க. அப்பவும் நாங்க சுத்திதான் போனோம். போனது அவங்க மட்டுந்தான்."

என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டாள், சிறுக்கி. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. அடுத்த கணம்தான் அவள் செய்தது புரிந்தது. குற்றத்தை முழுக்க என் தலையில் கட்டிவிட்டு ஆட்டத்தை மட்டும் தனியாகக் கழற்றி எடுத்திருந்தாள். உண்மையைத்தான் சொன்னாள், அதையும் சரியான நேரத்தில்.

பஞ்சாயத்தார் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். கடைசியில் அவர்களில் மூத்தவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்.

"வல கூடாது. ஆடித்தான் ஆவணும்னா ஒரு கயித்தக் கட்டிக்கிட்டு ஆடுங்க."

பின்னால் ஆம்பளைகள் சிரித்தார்கள். கயிற்றைக் கட்டி யாராவது வாலிபால் ஆடுவார்களா, நாலு நாளில் தானாக விட்டுவிடுவார்கள் என்ற சிரிப்பு. எனக்கு உள்ளங்கால் எரிந்தது. ஆடுகிறோங்க என்றேன். அம்மனுக்கு ஒரு தேங்காய் உடைக்கச் சொன்னார்கள், உடைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் என் கோபத்தைச் சொன்னேன், தேங்காயைச் சொல்லவில்லை. அது பாவம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பஞ்சாயத்து நடந்த மறுநாளே நாலு மணிக்குக் கயிறு கட்டியாயிற்று. ஒற்றைக் கயிறு. கயிற்றில் ஆடினால்தான் தெரியும் அது எவ்வளவு பெரிய தலைவலி என்று. வலை இருந்தால் பந்து பட்டு நிற்கும். கயிற்றில் பந்து மேலே போனதா, கீழே போனதா? மேலேதான் என்று இந்தப் பக்கம், கீழேதான் என்று அந்தப் பக்கம். முதல் வாரம் ஆட்டமே நடக்கவில்லை, சண்டைதான் நடந்தது. மயிரைப் பிடித்து இழுக்கிற அளவுக்கு வந்துவிட்டது. நான் ஒரு சட்டம் போட்டேன். சந்தேகம் வந்த பந்தெல்லாம் அடித்தவளுக்கு எதிராகப் போகும். அழுதாலும் சரி, மண்ணை வாரித் தூற்றினாலும் சரி.

பத்தே நாளில் எல்லாம் மாறிவிட்டது. சந்தேகமே வராத உயரத்தில் அடிக்க ஆரம்பித்தார்கள். கயிற்றுக்கு ஒரு முழம் மேலே. எந்தக் கண்ணாலும் கீழே போனது என்று சொல்ல முடியாத அடி. அதற்கு உயரக் குதிக்க வேண்டும், மணலில் குதிக்க வேண்டும் என்றால் தொடையில் இரும்பு வேண்டும். வந்தது. நெட்டைப் பெண் குதித்தால் அவள் இடுப்பு என் கண்ணுக்கு நேரே போகும். தடை போட்ட புண்ணியவான்கள் எங்களுக்கு எவ்வளவு பெரிய உதவி செய்தார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

பிள்ளைகள் சேர்ந்தார்கள். சும்மா சொல்லக் கூடாது, கூட்டமாகச் சேர்ந்தார்கள். ஏழு பேர் பன்னிரண்டு பேர், அப்புறம் கணக்கே இல்லை. காலையில் பள்ளிக்கூடம் வந்தவளுக்குத்தான் சாயந்திரம் பந்து, இது என் இரண்டாவது சட்டம். நின்றுபோனவர்களில் நாலு பேர் திரும்பி வந்தார்கள். படிப்புக்கு வரவில்லை, பந்துக்கு வந்தார்கள். வந்தவர்களை நான் காரணம் கேட்கவில்லை. பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பெண்கள் கரையோடு நடந்தே வந்து எங்களுக்கும் கயிறு கட்டித் தருகிறீர்களா என்று கேட்டார்கள். எனக்கு நேரம் இல்லை. நெட்டைப் பெண்ணும் இன்னொருத்தியும் சனிக்கிழமைகளில் அங்கே போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள். நான் திட்டுகிற அதே வார்த்தைகளில் அவள் அவர்களைத் திட்டுவதாகக் கேள்விப்பட்டேன். ஒரே பந்து, அதுவும் மாதம் ஒரு தடவை கடலுக்குள் போய் உப்புத் தண்ணீர் குடித்துக் கல்லாகக் கனக்கும். அதை வெயிலில் காயவைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, பிளாடரில் பஞ்சர் ஒட்டி மறுபடியும் ஆடினோம்.

இப்படி இரண்டு வருஷம். இந்த இரண்டு வருஷமும் தை பிறந்தால் எனக்கு நாள் எண்ணுவதே வேலை. தெற்கேயிருந்து பையனைப் பெற்ற அத்தைக்காரி வருவாள், நாள் குறிக்கச் சொல்வாள். ஆட்டம் இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் விட மாட்டேன் என்கிறார்கள் என்று அம்மாக்காரி சொல்லி அனுப்புவாள். இரண்டாம் தையில் அத்தை பொறுக்கவில்லை. வருகிற வைகாசியில் முகூர்த்தம் என்று பேசிவிட்டுப் போய்விட்டாள். அப்பா சரி என்றுவிட்டார். பெண் என்னிடம் வந்து சொன்னாள், அழவில்லை. அன்றைக்கு அவள் அடித்த அடியில் பந்தின் தையல் மறுபடியும் விட்டுப்போயிற்று.

அந்தத் தை கழிந்து மாசியில் டவுனில் பள்ளிகளுக்கு இடையே போட்டி. மேலே இருந்து வந்த அதிகாரி ஒருவர், பெண்கள் டீம் ஏன் இல்லை என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார். அந்த ஒரு கேள்விக்காக ஹெட்மாஸ்டர் பாரத்தில் கையெழுத்துப் போட்டார். தோற்றால் பள்ளிக்கூடத்துக்கு அவமானம் என்று வேறு சொன்னார். இத்தனை நாள் மைதானம் கொடுக்காத அவமானத்தைவிடவா என்று கேட்டுவிட்டேன். போட்டியில் பாவாடையோடு ஆட விட மாட்டார்கள். வீட்டுத் தையல் மிஷினில் நானே உட்கார்ந்து நீலத் துணியில் ஆறு டவுசர் தைத்தேன், முழங்காலைத் தொடுகிற மாதிரி. நூல் தீர்ந்தபோது அப்பாதான் கடைக்குப் போய் வாங்கிக்கொண்டு வந்தார்.

போட்டிக்கு நாலு நாள் முன்னால் அம்மாக்காரி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கூடையை இறக்காமலேயே டவுசரைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆட்டம் எத்தனை மணிக்கு, ஆம்பளைகள் வந்து பார்ப்பார்களா, ரொம்பப் பேர் வருவார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். போயிற்று, இதைச் சாக்கு வைத்து நிறுத்தப்போகிறாள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. நிறுத்தினால் நான் சும்மா இருக்க மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். டவுசரை என் கையில் கொடுத்துவிட்டுக் கூடையோடு நடந்துவிட்டாள்.

போட்டி அன்றைக்கு டவுன் மைதானத்தைச் சுற்றி நல்ல கூட்டம். பாவாடையைக் கழற்றிவிட்டு ஆறு பேரும் டவுசரோடு வந்து நின்றதும் விசில் பறந்தது. ஒருத்தி அழுகிற மாதிரி ஆகிவிட்டாள். நேராகப் பார், நேராக நில் என்றேன். அப்போதுதான் பார்த்தேன். கூட்டத்தில் முன் வரிசையில் அம்மாக்காரி, பக்கத்தில் பட்டுச் சேலையும் கழுத்து நிறையச் சங்கிலியுமாக ஒரு பெண். அவள்தான் தெற்கத்தி அத்தை என்று நெட்டைப் பெண் முணுமுணுத்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே போய் அந்தப் பெற்றவளை நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அம்பயர் விசில் ஊதிவிட்டார்.

முதல் செட் கேவலம். எங்கள் பிள்ளைகள் இரண்டு வருஷமாகக் கொண்டல் காற்றில் சர்வீஸ் போட்டுப் பழகினவர்கள். கடலிலிருந்து வருகிற காற்று பந்தை இழுக்கும் என்று, அந்த இழுப்புக்குக் கழித்து ஓரமாகப் போடுவார்கள். டவுன் மைதானத்தில் நாலு பக்கமும் கட்டிடம், இலைகூட அசையவில்லை. போட்ட சர்வீஸ் எல்லாம் கோட்டுக்கு வெளியே. கெட்டித் தரையில் கால் உதைத்ததும் தேவைக்கு மேல் எழும்பிவிட்டார்கள். பந்து வருவதற்குள் இவர்கள் மேலே போய் இறங்கிவிடுவார்கள். கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. நான் தொண்டை கிழியக் கத்தினேன். காத்து இல்லடி, காத்து இல்ல, நேரா போடு.

இரண்டாவது செட்டில் கண்டுகொண்டார்கள். ஐயோ, அதற்குப் பிறகு பார்த்திருக்க வேண்டும். எதிர் டீம் பெண்கள் வலை உயரத்துக்குக் கை நீட்டி நின்றால், இவள் அதற்கு ஒரு முழம் மேலிருந்து அடித்தாள். தடுக்க முடியாமல் எட்டிக் குதித்து அவர்கள் வலையில் மோதினார்கள், ஒவ்வொரு தடவையும் விசில், எங்களுக்குப் பந்து. எங்கள் பிள்ளைகள் மூன்று செட்டிலும் ஒரு தடவைகூட வலையில் படவில்லை. அம்பயரே முடிந்த பிறகு யார் இவர்களுக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். நான் இல்லை என்றேன்.

மூன்றாவது செட்டில் பதின்மூன்று வரைக்கும் போய், தோற்றோம். பதினைந்துக்குப் பதின்மூன்று. இன்றைக்கும் நாங்கள் அடித்த அந்தக் கடைசிப் பந்து கோட்டில்தான் விழுந்தது, வெளியே இல்லை என்றுதான் சொல்வேன். சொல்லி என்ன? தோற்றது தோற்றதுதான். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். வைகாசி முகூர்த்தம்தான் கண்முன்னே நின்றது.

அதற்குள் கூட்டத்தில் சத்தம். அத்தைக்காரி எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தாள். நாலு ஆம்பளை எதிரில் தொடை தெரியக் குதிக்கிறவள் என் வீட்டுக்கு மருமகளா என்றாள். என் மகனுக்கு ஊர் உலகத்தில் பெண்ணா இல்லை என்றாள். இனிமேல் தம்பி வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்துவிட்டாள். அம்மாக்காரி, அண்ணி அண்ணி என்று பத்தடி பின்னால் ஓடினாள். ஓடினவள் நின்றாள். திரும்பி மெதுவாக என்னிடம் வந்தாள். வரட்டும், இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுகிறேன் என்று நானும் தயாராக நின்றேன்.

வந்து என் பக்கத்தில் நின்று, அத்தைக்காரி போகிற திக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தெருமுனை திரும்பி மறைந்த பிறகுதான் பேசினாள்.

"நான் வேணான்னா என் புருசன் என்னைய வெட்டிப்புடுவான் டீச்சர். அவளே வேணான்னு சொல்லணும். அதான் ரெண்டு பஸ்ஸு மாறிப் போயி கூட்டியாந்தேன்."

இரண்டு வருஷமாக நான் சண்டைக்கு நின்றது யாரோடு? வாய் கிழியப் பேசுகிற எனக்கு அந்த இடத்தில் மன்னிப்புக் கேட்கக்கூட ஒரு வார்த்தை அகப்படவில்லை. அவள் அதற்குக் காத்திருக்கவும் இல்லை. தரையில் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தாள், முழங்காலில் ஒட்டியிருந்த செம்மண்ணைப் பார்த்தாள், அந்த நீல டவுசரைப் பார்த்தாள்.

"இன்னுங் கொஞ்சம் குட்டையாவே தச்சிருக்கலாம் டீச்சர். மொத செட்டுலேயே எந்திரிச்சுப் போயிருப்பா."